32 எடமும் ஒரு பொட்டலம் முறுக்கும்

வா தம்பி, உக்காரு. திண்ணையில தூசி கெடக்கும், துண்டை விரிச்சிக்க. ஒங்க அம்மா சொல்லிச்சு, சிங்கப்பூருக்குப் பயணம் போறியாமே. சந்தோசம். கையில என்ன காயிதம்? பட்டியலா? குடு பாப்போம். இரு, கண்ணாடி எடுத்துக்கிறேன்.

அடேயப்பா! கட்டம் கட்டமா போட்டிருக்கியே. காலையில 8.10க்கு சிங்கமீன் சிலை. 8.35க்கு பாலம். 9.05க்கு காப்பி, போட்டோவோட. 4 நாளைக்கு 32 எடம். ஏன்டா, ஊர் பாக்கப் போறியா, வீடு வீடா மீட்டர் கணக்கெடுக்கப் போறியா? ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டும் கட்டம் போடலை பாரு. அதை எந்தப் பாலத்துக்கும் எந்தச் சிலைக்கும் நடுவுல வச்சிருக்கே?

கோவிச்சுக்காத. கேலி பண்ணாம எனக்குச் சோறு எறங்காது. ஆனா நானும் அந்த ஊரைப் பாத்தவன்தான். எங்க அப்பா நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி மலாயாவுக்குப் போயி பால்மரம் வெட்டுனவரு. நான் 1984ல பிளேன் ஏறி, சிங்கப்பூர்ல கம்பி கட்டுனவன். இப்ப எம் பொண்ணு அங்கதான் குடியிருக்கு. போன வருசம் ஒரு மாசம் இருந்துட்டு வந்தேன். அப்பா போனது பொழைக்க. நான் போனதும் பொழைக்க. நீ போறது போட்டோ புடிக்க. மூணு தலைமுறையில எவ்ளோ ஒசந்துட்டோம் பாத்தியா!

சரி, பட்டியலுக்கு வருவோம்.

மொதல்ல அருவி. விமான நிலையத்துலயே ஒரு அருவி வச்சிருக்கான், 2019லேருந்து. கண்ணாடிக் கூரைக்கு நடுவுல வட்டமா ஒரு ஓட்டை, அது வழியா 40 மீட்டர் ஒசரத்துலேருந்து தண்ணி கொட்டுது. சுத்தி மரமும் செடியுமா காடு. பொய் சொல்லக்கூடாது, கண்ணு நெறைஞ்சு போச்சு. பாத்ததும் நான் செஞ்ச மொத காரியம் என்னா தெரியுமா? தோள்ல துண்டு இருக்கான்னு தடவிப் பாத்தேன். மாப்பிள்ளை கையைப் புடிச்சிக்கிட்டாரு. குளிக்கக் கூடாதாம். சரி, கைகால் கழுவலாமான்னா அதுவும் கூடாதாம். குளிக்க முடியாத அருவியைக் கும்பல் கும்பலா நின்னு பாக்குறாங்க. நாலு வேளைச் சோத்தைக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி இருந்துச்சு எனக்கு. இருந்தாலும் பாரு. காசு கேக்கலை.

அப்புறம் அந்தச் சிங்கமீன். சிங்கத் தலை, மீன் வாலு. ஏதோ ஆதிகாலத்துப் புராணம்னு நெனச்சுக்கிட்டுப் போகாத. 1964ல சுற்றுலாக் கழகத்துக்கு முத்திரை வேணும்னாங்க. பிரேசர் புருன்னர்னு ஒரு வெள்ளைக்காரரு வரைஞ்சு குடுத்தாரு. அவரு உத்தியோகம் என்னாங்கிறே? மீன்காட்சி சாலையில அதிகாரி. வேற என்ன வாலு போடுவாரு? 1972ல அதையே 8.6 மீட்டர் ஒசரத்துக்குச் சிலையா நிறுத்துனாங்க. பின்னாடி கட்டுன பாலம் கடலை மறைக்குதுன்னு 2002ல சிலையையே பேர்த்து வேற எடத்துல கொண்டு வச்சாங்க. சாமின்னா நகத்த முடியுமா? ஊர்வலத்துக்கே நாலு நாள் பாத்துத்தான எடுக்குறோம்.

அங்க போயி நீ என்னா செய்வேன்னு எனக்குத் தெரியும். வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பே. ஒன் கூட்டாளி செல்போனைக் கோணலாப் பிடிப்பான். சிங்கம் துப்புற தண்ணியை நீ வாயில வாங்குற மாதிரி படம் விழும். நான் பாத்தப்ப ஒரே நேரத்துல ஏழெட்டுப் பேரு வாயைப் பொளந்துக்கிட்டு வரிசையா நின்னாங்க. குருவிக் கூட்டுக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருந்துச்சு. இதுக்கு 8.10லேருந்து 8.35 வரைக்கும் என்னாத்துக்கு? அஞ்சு நிமிசம் போதும். கழுத்து வலிக்கும்.

அடுத்த கட்டத்துல என்ன எழுதியிருக்கே? மூணு கோபுரத்து மேல கப்பல் வச்ச ஓட்டல். அதுல ஒரு ராத்திரி தங்கப் போறியா? மேல இருக்கிற நீச்சல் குளத்துல எறங்கவா? ஓகோ, அறை எடுத்தவனுக்கு மட்டும்தான் குளமா. தம்பி, எனக்கு ஒண்ணு சொல்லு. இங்க நம்ம பெரிய கொளத்துல கடைசியா எப்ப எறங்குனே? பாசி கெடக்குன்னு மூக்கைப் புடிச்சவன்தான நீ? ஒரு ஏக்கர் சாகுபடிச் செலவை ஒரு ராத்திரிக்குக் குடுத்துட்டு, 57ஆம் மாடியில இடுப்பளவு தண்ணியில நிக்கப் போறே. அதுவும் குளிக்க இல்லை. ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் படம் எடுக்க. முழு ஊரும் பின்னாடி தெரியும். நீ மட்டும் அதைப் பாக்க மாட்டே.

அந்தக் கட்டடத்துல பாக்கவேண்டிய அதிசயம் வேற ஒண்ணு இருக்கு, யாரும் ஒனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. கீழ சூதாட்ட மண்டபம். அந்த ஊருப் பிரஜை உள்ள போகணும்னா ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்டணும். முந்தி 100 வெள்ளி, 2019ல ஏத்துனாங்க. வெள்ளின்னா அந்த ஊரு டாலரு, நம்ம சனம் அங்க அப்படித்தான் சொல்லும். சரி, வெளிநாட்டுக்காரன் எவ்ளோ கட்டணும்? ஒண்ணும் வேணாம். பாஸ்போர்ட்டைக் காட்டிட்டு நேரா உள்ள போகலாம். வெளியூர்க்காரன் மேல அவ்ளோ பாசமான்னு கேட்டேன் மாப்பிள்ளைகிட்ட. சிரிச்சாரு. தம் புள்ளை பள்ளத்துல விழாம இருக்க வேலி போட்டு, வேலிக்கு அந்தண்ட பக்கத்து ஊரு ஆட்டை மேய விட்ட கதை. கெட்டிக்காரன் கடை வச்சா இப்படித்தான் வைப்பான். எங்க இலவசம்னு கூப்புடுறானோ அங்க மடியைத் தடவிப் பாத்துக்கணும். நீ உள்ள போகாத. நான் சொன்னேன்னு சொல்லு.

ராத்திரிக்கு அந்தண்டப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போ. 2012ல தொறந்தது. 25 மீட்டர்லேருந்து 50 மீட்டர் வரைக்கும் ஒசரமா பெரிய பெரிய மரம் நிக்கும். மரம்னா மரம் இல்லை. உள்ள கான்கிரீட்டு, வெளிய இரும்பு, அது மேல செடி. கம்பி கட்டுனவன் கண்ணுக்குத் தப்புமா? அதுல சிலது புகைபோக்கி. பக்கத்துல ரெண்டு கண்ணாடிக் கூடாரத்துல குளுகுளுன்னு வச்சிருக்கானே, அதுக்குத் தழை, குச்சி, வெட்டுன கிளையெல்லாம் எரிச்சு மின்சாரம் எடுக்குறான். அந்தப் புகை மரத்து வழியா போவுது. அடுப்பங்கரைப் புகைக்கூண்டை மரமா ஜோடிச்சு, அதைப் பாக்க உலகத்தையே வரவழைச்சவன் சாமர்த்தியசாலியா இல்லையா? ராத்திரி 7.45க்கும் 8.45க்கும் வெளக்குப் போட்டுப் பாட்டோட ஆட்டம் காட்டுவான். அதுக்குக் காசு கெடையாது. சனமெல்லாம் தரையில மல்லாந்து படுத்துப் பாக்கும். நானும் படுத்தேன். வலப்பக்கம் ஒரு சீனக் கெழவரு, இடப்பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். நம்ம ஊரு தெருக்கூத்துல பாயைப் போட்டுப் படுத்த ஞாபகம் வந்துச்சு. நீ படுப்பியா? ஒன் சட்டை கசங்குமே.

இப்ப சோத்துக்கு வருவோம். இதுல ஒன் பட்டியலைக் கிழிச்சே போடலாம். காப்பிக்கு எங்க எழுதியிருக்கே? ஹாஜி சந்தாம். செவுத்துல படம் வரைஞ்ச கடையாம். அங்க காப்பி மேல பால் நுரையில எலை வரைஞ்சு தருவானாம். அந்த எலையை என்ன பண்ணுவே, சோறு போட்டுத் தின்பியா?

உணவங்காடிக்குப் போடா. அங்க பேட்டைக்குப் பேட்டை ஒண்ணு இருக்கும். மேல கூரை, சுத்தி நாலு பக்கமும் தொறந்து கெடக்கும், காத்தாடி சுத்தும், வரிசையா சின்னச் சின்னக் கடை. சீனன் கடைக்குப் பக்கத்துல மலாய்க்காரன், அவனுக்குப் பக்கத்துல நம்மாளு. 2020ல யுனெஸ்கோவே இந்த அங்காடிப் பழக்கத்தைத் தன் பட்டியல்ல சேத்துக்கிச்சு. ஒன் பட்டியல்ல இல்லை.

அங்க காப்பி கேக்குறதுக்கு ஒரு பாஷை உண்டு. சும்மா 'கோப்பி'ன்னா கட்டிப்பால் ஊத்தித் தருவான். 'கோப்பி ஓ'ன்னா பால் இல்லாம, சக்கரையோட. கடைசியில 'கோசோங்'னு சேத்துட்டா சக்கரையும் கெடையாது. மலாய்ல கோசோங்னா காலின்னு அர்த்தம், ஒண்ணுமில்லாதது. எனக்குச் சக்கரை வியாதின்னு எம் பொண்ணு கத்துக் குடுத்த மொத வார்த்தையே அதுதான். டீக்கு 'தே தாரேக்'. தாரேக்னா இழுக்குறது. நம்ம முக்கு டீக்கடையில ரெண்டு கையை அகட்டி ஆத்துறானே, அதேதான். இங்க ஆத்துனா டீ, அங்க ஆத்துனா கலாச்சாரம்.

எடம் புடிக்கிறதைப் பாத்து நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே! மேசையில ஒரு சின்னக் காயிதக் கைக்குட்டைப் பொட்டலம் கெடந்துச்சு. யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எடுத்து ஓரமா வச்சுட்டு உக்காந்தேன். எம் பொண்ணு பதறி எழுப்புது. அது மறந்தது இல்லையாம், எடம் போட்டு வச்சதாம். ஆளே இல்லாத மேசை, ஒத்தைப் பொட்டலம் காவல். ஒருத்தன் தொட மாட்டேங்கிறான். அட, இது நம்ம மன்னார்குடி பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போடுறது! கோட்டு சூட்டுப் போட்டவனும் அங்க துண்டுதான் போடுறான். துண்டுதான் சின்னதாப் போச்சு. ஒண்ணு மட்டும் நெனப்பு வச்சுக்க. தின்னு முடிச்சா தட்டை நீயே எடுத்துக்கிட்டுப் போயி அதுக்குண்டான எடத்துல வைக்கணும். 2021லேருந்து அது கட்டாயம். வீட்ல ஒங்க அம்மாவை வெரட்டுற மாதிரி அங்க உக்காந்துக்கிட்டு "தட்டை எடு"ன்னு சொல்ல முடியாது.

என்ன தின்பே? 'இந்தியன் ரோஜாக்'னு ஒரு பலகை தொங்கும். மாவுல தோச்சுப் பொரிச்சது, முட்டை, தோபு எல்லாம் வெட்டிப்போட்டு, தொட்டுக்கச் செவப்பா இனிப்புக் கொழம்பு. இந்தியாவுல எவனாவது தின்னிருக்கானா? எழுபது வருசமா நான் பாத்ததில்லை. ரோஜாக்னா கலவைன்னு அர்த்தமாம். போயித் தின்னு, நல்லாருக்கும். மீன் தலைக் கறியையும் விட்டுடாத. 1949ல கோமஸ்னு ஒரு மலையாளத்துக்காரரு அங்க கடை போட்டாரு. சீனனுக்கு மீன் தலை உசுரு, ஆனா ஆவியில வேக வச்சுத் தின்பான். இவரு பாத்தாரு, முழுத் தலையைத் தூக்கி நம்ம பக்கத்துப் புளிக்கொழம்புல போட்டாரு. சீனனும் வந்தான், நம்மாளும் வந்தான். இப்ப அது அந்த ஊருச் சாப்பாடு. நீ அதை விட்டுட்டு ரொட்டிக்கு நடுவுல தழையை வச்சுக் கடிக்கப் போறே.

இன்னொரு கூத்து. குப்பை போட்டா அபராதம், ரயில்ல தின்னா 500 வெள்ளி வரைக்கும் அபராதம், சூயிங்கம் விக்கவே 1992லேருந்து தடை. அப்படிப்பட்ட ஊர்ல, ராபிள்ஸ் ஓட்டல்னு 1887லேருந்து இருக்கிற பழைய ஓட்டல்ல ஒரு மதுக்கூடம். அங்க வேர்க்கடலையைத் தின்னுட்டுத் தோலைத் தரையில போடலாம். போடுறதுதான் அங்க மரியாதை! செவப்பா ஒரு மதுபானம் வாங்கி வச்சுக்கிட்டு, கடலைத் தோலைத் தரையில எறிஞ்சுட்டு, சொர்க்கத்தையே கண்ட மாதிரி சிரிக்கிறாங்க. அந்த ஒரு தம்ளர் காசுக்கு அங்காடியில குடும்பமே சாப்பிடலாம். கடலைத் தோலைத் தரையில போட ஆசையா இருக்கா? நம்ம களத்து மேட்டுக்கு வா. மூட்டையே தரேன்.

ஒன் காயிதத்துல சைனாடவுன் இருக்கு, சரி. அங்க போயி லாந்தர் விளக்குப் படம் எடுத்துட்டு வந்துடாத. அந்தத் தெருவுல அண்ணாந்து பாரு, கோபுரம் தெரியும். ஆமாம், மாரியாத்தாதான். 1827லேருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டுல குந்தியிருக்கா. நாராயண பிள்ளைன்னு ஒருத்தரு, 1819ல ராபிள்ஸ் துரையோட பினாங்குலேருந்து வந்தவரு, அவரு போட்ட கொட்டகை. ஐப்பசி வாக்குல தீமிதி நடக்கும். பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெருன்னு பேரு. திங்கிற பக்கோடா இல்லைடா, நம்ம கோபுரத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கான். மறு தெருவுக்கு மசூதித் தெருன்னு பேரு. ஏன்னா அதே சாலையில ஜாமியா பள்ளிவாசல். அதைக் கட்டுனதும் நம்ம சோழமண்டலக் கரையிலேருந்து போன தமிழ் முஸ்லிம்கதான், சூலியான்னு சொல்லுவாங்க. ஆகக்கூடி சீனப்பேட்டையில கோவிலும் நம்மது, பள்ளிவாசலும் நம்மது, மாலை கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கிற பொம்பளையும் நம்ம பக்கம். சுத்தி இருக்கிற கடையெல்லாம் சீனனோடது.

அங்கேருந்து நடந்தே தெலுக் ஆயர் தெருவுக்குப் போயிடு. தெலுக்னா மலாய்ல வளைகுடா. ஒரு காலத்துல அதுதான் கடற்கரை. மண்ணைக் கொட்டித் தூத்துட்டாங்க, இப்ப கடலே தெரியாது. அந்தக் காலத்துல கப்பலை விட்டு எறங்குனவன் மொத காரியமா என்ன செய்வான்? உசுரோட வந்து சேந்தோமேன்னு கும்பிடுவான். சீனன் தன் கடலாத்தாவுக்குக் கோவில் கட்டுனான், 1839லேருந்து 1842க்குள்ள. அதுக்குப் பத்து வருசம் முன்னாடியே ரெண்டு எட்டுத் தள்ளி நம்மாளு என்ன கட்டுனான் தெரியுமா? நாகூர் தர்கா! கந்தூரிக்கு நாம வண்டி கட்டிக்கிட்டுப் போறோமே, அதே நாகூராரு பேருல. நம்ம கரையில கப்பல் ஏறுறப்ப கும்பிட்டவரை, அந்தக் கரையிலயும் எடம் பாத்து உக்கார வச்சிருக்கான். இப்ப அதை அருங்காட்சியகம் மாதிரி ஆக்கிட்டாங்க. நான் அதுக்கு முன்னால நின்னேன் தம்பி. எங்க அப்பா கப்பல் ஏறுறப்ப எங்க ஆயா நாகூருக்கு முடிஞ்சு வச்ச காசு நெனப்புக்கு வந்துச்சு. படம் எடுக்கத் தோணலை.

வாட்டர்லூ தெருவுலயும் இந்தக் கதைதான். சீனருங்க கருணைத் தாய்க்குக் கோவில், அதுக்குப் பக்கத்துலயே நம்ம கிருஷ்ணன் கோவில். சீனப் பொம்பளைங்க அங்க பூசையை முடிச்சுட்டு, கொத்து ஊதுவத்தியோட இங்கயும் வந்து கிருஷ்ணனுக்கு நீட்டிட்டுப் போறாங்க. ஒருத்தரும் ஒருத்தரையும் ஏன்னு கேக்கலை. அண்டை வீட்டு வாசல்ல ஆளு உக்காந்திருந்தா ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுப் போறதில்லையா, அந்த மாதிரிதான்னு நான் எடுத்துக்கிட்டேன். நீதான் எதுத்த வீட்டுப் பெரியப்பாகிட்டயே பேசுறதில்லையே.

சுல்தான் பள்ளிவாசலைத் தூரத்துலேருந்து பாத்துட்டுத் தங்கக் குமிழ்னு போட்டோ எடுப்பே. கிட்டப் போயி அந்தக் குமிழுக்கு அடியில கறுப்பா ஒரு பட்டை ஓடுதே, அதைப் பாரு. பாட்டிலோட அடிப்பாகம் அது. இப்ப இருக்கிற கட்டடம் 1932ல முடிஞ்சுது. கட்டுறப்ப பணக்காரன் பணம் குடுத்தான், ஏழைபாழை என்ன குடுப்பான்? வீட்ல இருந்த காலி பாட்டிலைக் குடுத்தான். அதையும் வாங்கி உச்சியில பதிச்சான் பாரு, அவன் மேஸ்திரி!

இப்படி எல்லாரும் ஒட்டிக்கிட்டு இருக்காங்களேன்னு வாயைப் பொளக்காத. தானா காய்ச்சது இல்லை அது. 1964ல அதே ஊர்ல சீனனும் மலாய்க்காரனும் வெட்டிக்கிட்டுச் செத்தாங்க. அரசாங்கமே அடுக்குமாடி கட்டுச்சு. அந்த ஊரு சனத்துல நூத்துக்குச் சுமாரா எண்பது பேரு அதுலதான் குடியிருக்கு. 1989ல ஒரு சட்டம் போட்டான்: ஒரு கட்டடத்துல சீனர் இத்தனை வீடு, மலாய்க்காரர் இத்தனை, இந்தியர் இத்தனைதான், அதுக்கு மேல ஒரே சாதியா சேரக்கூடாதுன்னு. மேடையில ஒத்துமை ஒத்துமைன்னு தொண்டை கிழியிறவனைவிட, மாடிப்படியில தெனமும் ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தனை முழிக்க வச்சவன் காரியக்காரன். அதுல சங்கடமும் இருக்கு. வீட்டை விக்கணும்னா யாருக்கு வேணும்னாலும் வித்துட முடியாது, எண்ணிக்கை இடிக்கும். மருந்து கசக்கத்தான செய்யும்? எம் பொண்ணு வீட்டுக்குக் கீழ்த்தளம் சும்மாவே கெடக்கும், தூணு மட்டும்தான். ஒரு நாள் அதுல மலாய்க் கல்யாணம், பந்தலும் பாட்டும். நாலு நாள் கழிச்சு அதே எடத்துல சீனச் சாவு. ரெண்டுக்கும் எல்லாரும் வழி விட்டுச் சுத்திப் போறாங்க. இதுக்கு டிக்கெட்டு கெடையாது, ஒன் பட்டியல்லயும் வராது.

தாவரத் தோட்டத்துக்கு ஒரு காலை ஒதுக்கு. 1859லேருந்து இருக்கு, உள்ள போக இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் காசு. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. நீ ரப்பர் கதையைத் தெரிஞ்சுக்க. ரிட்லின்னு ஒரு துரை 1888ல அங்க தலைமைக்கு வந்தாரு. மரத்தைச் சாவடிக்காம பட்டையைச் சீவிப் பால் எடுக்குற வழியைக் கண்டுபுடிச்சாரு. பார்க்குற தோட்டக்காரன்கிட்டயெல்லாம் ரப்பர் விதையை நீட்டுவாராம், நடுன்னு. பைத்தியக்கார ரிட்லின்னு பேரு வச்சாங்க. பொறவு மோட்டார் வண்டி வந்துச்சு, டயருக்கு ரப்பர் வேணும்னாங்க, மலாயா முழுக்க அந்த மரம். அதைச் சீவ ஆளு? நம்ம சனந்தான். எங்க அப்பா கை விரலெல்லாம் காய்ச்சுப் போயிருந்துச்சே, அதுக்கு மூலம் அந்தத் தோட்டத்துல இருக்கு.

நான் எதையும் பாக்காதேன்னு சொல்லலை தம்பி. 32ல 20ஐ அடிச்சுடு. மிச்ச நேரத்துக்கு ரயில் ஏறி எங்கயாவது எறங்கு. அபாயம்னு போட்ட பலகையில பாத்தா தமிழ் இருக்கும். சில்லறைக் காசைத் திருப்பிப் பாரு, அதுலயும் 'சிங்கப்பூர்'னு தமிழ்ல இருக்கும். அந்த ரயில் மொத மொதல்ல 1987 நவம்பர் 7ஆம் தேதி ஓடுச்சு, அஞ்சே ஸ்டேசன். அதுல ஒண்ணு தோ பாயோ. பெரிய சதுப்புன்னு அர்த்தம். அந்தச் சதுப்புலதான் நான் கம்பி கட்டுனேன். இப்ப எம் பொண்ணு வீட்டுக்கு அந்த ஸ்டேசன்லதான் எறங்கணும். போன வருசம் எறங்குறப்பவெல்லாம் தூணைத் தட்டிப் பாத்துட்டு வந்தேன். மாப்பிள்ளைக்கு வெக்கம்.

ஆங், உன் கட்டத்துல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்ன போட்டிருக்கே? கடற்கரைத் தீவு, சறுக்கு வண்டி. அடிச்சுடு அதை. தேக்காவுக்குப் போ. லிட்டில் இந்தியான்னு போட்டிருப்பான், நம்ம சனம் தேக்கான்னுதான் சொல்லும். முந்தி மாட்டுச் சந்தை நடந்த எடம், எருமைத் தெருன்னு இன்னும் பேரு இருக்கு. ஞாயித்துக்கிழமையானா தங்குவிடுதியிலேருந்து தொழிலாளிப் பயலுங்க வருவாங்க. நீ அண்ணாந்து படம் எடுக்கப் போறியே, அந்தக் கட்டடமெல்லாம் அவனுங்க தோள்ல ஏறுனதுதான். புல்லுல உக்காந்து ஊருக்குப் பேசிக்கிட்டு இருப்பாங்க. நம்ம மேலத்தெரு தச்சு வீட்டுப் பயலும் வருவான். போயி ரெண்டு வருசம் ஆச்சாம், இன்னும் ஊருக்கு வரலை. அவங்க அம்மா முறுக்கு சுட்டு வச்சிருக்கு.

வரும்போது எனக்குக் கோடாலித் தைலம் வாங்கிட்டு வா, பெரிய பாட்டில். அது இருக்கட்டும். மொதல்ல முறுக்கு. பெரிய பொட்டியில போட்டுடாத, தூக்கி எறிவானுங்க. மடியில வச்சுக்க. நொறுங்கக் கூடாது.